மதியம் சுஷி, கடைசியில் டாம் யம்

இன்று மதியம் தோழியோடு ஜப்பான், தாய்லாந்து சாப்பாடு இரண்டும் கிடைக்கிற ஒரு சுஷி உணவகத்துக்குப் போனேன், அவசரமில்லாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டோம், மனசு நிறைந்துவிட்டது. சுஷி என்றாலே எல்லாரும் மீனைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எனக்கு அதில் முக்கியம் சோறுதான். வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த அந்தச் சோறு குளிர்ந்து விறைத்துப் போகாமல் கைச்சூட்டில் இருக்க வேண்டும், வாயில் போட்டதும் தானாக உதிர வேண்டும். இங்கே அப்படியே இருந்தது!

நிகிரி, அதாவது சோற்றுப் பிடிமேல் மீன் துண்டு வைத்த சுஷி, சாப்பிடும்போது அதைக் கவிழ்த்து மீன் பக்கத்தை மட்டும் சோயா சாஸில் லேசாகத் தொடுங்கள், சோற்றுப் பக்கம் தொட்டால் சாஸை உறிஞ்சி உப்புக் கரிக்கும், துண்டும் உடைந்துவிடும். ஊறவைத்த இஞ்சி ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்வதற்கு, மீன்மேல் வைத்துச் சாப்பிட அல்ல. அப்புறம் சுஷியோடு தரும் அந்தப் பச்சைக் கார விழுது வசாபி, பல இடங்களில் அது குதிரைமுள்ளங்கியில் கடுகும் நிறமும் சேர்த்துச் செய்வது. உண்மையான வசாபிக்கு விலை அதிகம், துருவிய கொஞ்ச நேரத்திலேயே அதன் மணமும் போய்விடும்.

சரி, டாம் யம் என்கிற தாய்லாந்து சூப். எலுமிச்சைப்புல், அரத்தை, எலுமிச்சை இலை எல்லாம் சேர்ந்து கொதித்த அந்த மணம் அபாரம். ஆனால் அதை முதலில் குடிக்காதீர்கள், அந்தப் புளிப்புக்கும் காரத்துக்கும் பிறகு மீனின் மென்மையான ருசி நாக்குக்குத் தெரியாது. பரிமாறியவர் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவரட்டுமா என்றார், சூப்பைக் கடைசியில் தரச் சொன்னோம்.