வெந்நீர், சுடுதரை, குறட்டை: கொரியாவில் ராத்தங்கல்

கொரியாவில் கையைக் கடிப்பது அறை வாடகைதான். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம், மெட்ரோவில் ஊர் சுற்றலாம். ஆனால் வெள்ளி, சனி வந்துவிட்டால் சியோலில் ஹாஸ்டல் படுக்கைகூட விலை ஏறிவிடும். அந்த மாதிரி இரவுகளில் நான் பையைத் தூக்கிக்கொண்டு போன இடம் ஜிம்ஜில்பாங். பொதுக் குளியல், சூடான அறைகள், படுக்கக் கூடம் எல்லாம் ஒரே கட்டடத்தில், பல இடங்களில் 24 மணி நேரமும். சாதாரண இடம் என்றால் 10,000 முதல் 15,000 வோன், நம் காசுக்கு ஆயிரம் ரூபாய்க்குள். ராத்திரி நுழைந்தால் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். பளபளப்பான பெரிய இடங்களின் கணக்கு வேறு. புசானில் சென்டம் சிட்டி மாலுக்குள் இருக்கும் ஸ்பா லேண்ட் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் சில மணி நேரம்தான் இருக்கவிடுவார்கள். ராத்தங்க வழியில்லை.

வாசலிலேயே செருப்பைச் சின்ன லாக்கரில் பூட்டி, சாவியைக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். பதிலுக்கு டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, துண்டு, எண் போட்ட கைப்பட்டை கிடைக்கும். உள்ளே வாங்கித் தின்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டையில் ஏறிவிடும், கிளம்பும்போது மொத்தமாகக் கட்டலாம். ஆண்கள் பக்கம் துண்டு குவித்து வைத்திருப்பார்கள், பெண்களுக்கு மட்டும் எண்ணி இரண்டு. கூட வந்த தோழி இதைப் புலம்பித் தீர்த்தாள்.

சரி, நம்மவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் விஷயத்துக்கு வருவோம். குளிக்கும் பகுதி ஆண், பெண் தனித்தனிதான். ஆனால் உள்ளே உடம்பில் பொட்டுத் துணி கூடாது, நீச்சல் உடையும் சேர்த்துத்தான். ஆற்றில் குளித்தாலும் இடுப்பில் துண்டோடு இறங்கிப் பழகியவர்களுக்கு லாக்கர் அறையில் அந்தக் கடைசித் துணியை அவிழ்ப்பதுதான் பெரும்பாடு. அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. ஒரு தாத்தா பேரனின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருப்பார், நம்மை யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். முறைப்பு கிடைப்பது வேறு காரணத்துக்கு. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளாமல் நேரே தொட்டியில் இறங்கிப் பாருங்கள், தெரியும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். 40 டிகிரிக்கு மேல் காட்டும் தொட்டியில் கொஞ்ச நேரம், அப்புறம் பக்கத்துக் குளிர்த் தொட்டி, மறுபடி வெந்நீர். நாள் முழுக்க நடந்த கால் வலி இதிலேயே பாதி போய்விடும்.

காசு பார்க்காமல் நான் செலவழித்தது தேய்ப்புக்கு. 20,000 வோனுக்கு மேல் ஆகும். பிளாஸ்டிக் விரித்த மேசையில் படுக்க வைத்து, கையில் சொரசொரப்பான உறை மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து குதிகால்வரை இழுத்துத் தேய்ப்பார்கள். உருண்டை உருண்டையாகச் சாம்பல் நிற அழுக்கு திரண்டு வரும். தினம் குளிக்கிறவன் என்ற என் பெருமை அந்த மேசையில் போனது. திரும்பிப் படு என்று வாயால் சொல்லமாட்டார், தொடையில் ஒரு தட்டு. கடைசியில் ஒரு வாளி வெந்நீர். செலவு வேண்டாம் என்றால் 'இத்தாலி டவல்' என்று கேட்டு அந்த உறையை மட்டும் வாங்கி நாமே தேய்த்துக்கொள்ளலாம், முதுகுதான் எட்டாது.

பிறகு சீருடையை மாட்டிக்கொண்டு பொதுக்கூடத்துக்கு வந்தால் ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் ஒரே நிற உடையில். சுற்றிலும் மண் அறை, உப்பு அறை, கரி அறை. வாசலில் வெப்பநிலைப் பலகை இருக்கும், 50லிருந்து தொடங்கி சூளை மாதிரி அறையில் 80க்கும் மேலே போகும். வெளியே வந்து உடம்பு ஆற பனி அறை. வியர்க்க வைத்து நோய் தீர்க்கும் இடங்கள் பற்றி கொரியாவை ஆண்ட சேஜோங் மன்னர் காலத்துக் குறிப்புகளிலேயே உண்டு, 1422ஆம் ஆண்டு. இப்போதைய வடிவில் பரவியது 1990களில்தான். வியர்வைக்குப் பின் தின்ன, சூட்டில் வைத்துப் பழுப்பேறிய முட்டை. குடிக்க சிக்கே, சோற்றுப் பருக்கை மிதக்கும் ஜில்லென்ற இனிப்புப் பானம். சைவக்காரர்கள் கடற்பாசி சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெரும்பாலும் மாட்டிறைச்சி போட்டிருப்பார்கள்.

தூக்கம் எப்படி? முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கல்யாண மண்டபத்து மாடியில் படுத்திருக்கிறீர்களா, அதேதான். மெல்லிய பாய், செங்கல் அளவுக்கு ஒரு தலையணை, நாலாபக்கமும் முன்பின் தெரியாத ஆட்கள். கடைசி மெட்ரோவை விட்ட மாணவர்கள், குடித்துவிட்டு வீட்டுக்குப் போக மனமில்லாத ஆபீஸ்காரர்கள், குடும்பங்கள். அடியில் தரைக்குள்ளிருந்து சூடு வருவதால் குளிர்காலத்தில் போர்வையே தேவைப்படாது. விளக்கை முழுசாக அணைப்பதில்லை, டிவி எங்கோ முனகிக்கொண்டிருக்கும். சில இடங்களில் சுவரில் குடைந்த பொந்துகள் உண்டு, ஆள் ஒருவர் நுழைந்து படுக்கலாம். தனிமை கிடைக்கும் என்று நான் ஆசையாகப் போய்ப் படுத்தேன். பக்கத்துப் பொந்துக்காரரின் குறட்டை சுவர் வழியாக மும்மடங்காக வந்தது. காது அடைப்பான் கட்டாயம். பெண்களுக்குத் தனித் தூங்கும் அறை பல இடங்களில் இருக்கிறது, தனியாகப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து இரண்டு ராத்திரி மட்டும் வேண்டாம், முதுகு தாங்காது.

பெரிய சூட்கேஸ் லாக்கருக்குள் போகாது. கவுண்டரில் வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ரயில் நிலைய லாக்கர்தான். 19 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர் துணையில்லாமல் இரவு 10 முதல் காலை 5 வரை உள்ளே விடமாட்டார்கள். பல இடங்களில் 12 மணி நேரம் தாண்டினால் கூடுதல் கட்டணம், அதனால் ராத்திரி பத்துக்கு மேல் நுழைந்தால் காலையில் இன்னொரு வெந்நீர்க் குளியலும் போட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். போகும் முன் நேவர் மேப்பில் (கொரியர்கள் பயன்படுத்தும் வரைபட ஆப்) திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் ஏகப்பட்டவை மூடிவிட்டன, தப்பியதில் சில ராத்திரி நேரத்தையே நிறுத்திவிட்டன. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிப் போனால் நடுராத்திரியில் பூட்டிய கதவு முன் நிற்க வேண்டியிருக்கும்.