மின்னல் தாக்கிய அட்டையும் அதன் பெயரும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்ட அலுவலகங்களிலும் ஆலைகளிலும் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். (ஊர்ப்பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் இங்குள்ள பெரியவர்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான்.) இந்த வட்டாரத்தில், கணினியை வலையமைப்போடு இணைக்கும் பிணைய அட்டை பழுதானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிற்பகல் இடிமழையைத்தான். அலுவலகத்துக்கும் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கும் இடையே வெட்டவெளியில் இழுக்கப்பட்ட கேபிளில் மின்னல் பாய்ந்தால், பல வேளைகளில் கணினி பிழைத்துக்கொள்ளும். அட்டை மட்டும் கருகிப்போகும். ஆகவே, லினக்ஸ், பிஎஸ்டி போன்ற திறமூல இயங்குதளங்கள் பிணைய இடைமுகங்களுக்கு, அதாவது அட்டை தரும் இணைப்புகளுக்கு, பெயர் சூட்டும் முறைகளை நான் ஒரே கேள்வியைக் கொண்டுதான் அளந்து வந்திருக்கிறேன்: கருகிய அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினால், அந்தப் பெயர் நிலைக்குமா?

லினக்ஸின் பழைய முறை எளிமையானது. எந்த அட்டையைக் கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதலில் கண்டதோ அது ஈத்0, அடுத்தது ஈத்1. ஓர் அட்டை மட்டும் உள்ள கணினியில் இதனால் தொல்லை இல்லை. எடைமேடைக் கணினியில் இரண்டு அட்டைகள் இருக்கும்: ஒன்று அலுவலகத்துக்கு, மற்றொன்று எடைகாட்டும் கருவிக்கு. அட்டைகளைக் கண்டறியும் வரிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், கணினியை மறுபடி தொடக்கும்போது பெயர்கள் இடம் மாறிவிட வாய்ப்புண்டு. இதைத் தடுக்க, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் ஒவ்வோர் அட்டைக்கும் உரிய தனி அடையாள எண்ணான மேக் முகவரியையும் ஒரு விதிக்கோப்பில் தானே எழுதிவைத்து, அந்த முகவரிக்கு அந்தப் பெயர் என்று கட்டிப்போட்டது.

அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதை ஓர் ஆலையில் கண்டேன். நான் போய்ச் சேருவதற்குள் அங்கிருந்தவர்களே கருகிய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தார்கள். எடைமேடைக் கிராணி (எழுத்தர்) என்னைக் கண்டதும், "தம்பி, அட்டை புதுசு, கேபிள் புதுசு, விளக்கும் எரியுது. அப்புறம் ஏன் தராசுல நம்பர் வரமாட்டேங்குது?" என்று கேட்டார். விதிக்கோப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. செத்துப்போன அட்டையின் முகவரி ஈத்1 என்ற பெயரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்க, புதிய அட்டைக்கு ஈத்2 என்ற பெயர் விழுந்திருந்தது. தராசுக்குரிய ஐபி முகவரியோ ஈத்1-க்காகவே எழுதப்பட்டிருந்தது. வெளியே குலை ஏற்றிய லாரிகள் வரிசையில் நின்றன. அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் குறையும் என்பது இத்தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். பழைய வரியை அழித்து, புதிய வரியில் 2 என்பதை 1 ஆக்கிக் கணினியை மறுபடி தொடக்கியதும் தராசு பேசியது.

பிறகு வந்த முறைகள் அட்டையை விட்டு அது செருகப்பட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டன. டெல் நிறுவனம் உருவாக்கிய பயாஸ்டெவ்நேம் என்ற பெயரிடும் நிரல் 2011-இல் ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் வெளியீட்டில் இடம்பெற்றது. லினக்ஸ் கணினியைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளின் 2013 ஜனவரியில் வெளிவந்த 197-ஆம் பதிப்பு இப்போது நாம் பார்க்கும் பெயர்களைக் கொண்டுவந்தது. தாய்ப்பலகையிலேயே உள்ளது இஎன்ஓ1, பிசிஐ (கணினிக்குள் அட்டைகளை இணைக்கும் பாட்டை) பாதையைக் கொண்டு பெயரிடப்பட்டது இஎன்பி3எஸ்0. மின்னல் அடிக்கும் ஊருக்கு இது உண்மையான முன்னேற்றம். அதே செருகியில் வேறு நிறுவனத்தின் அட்டையைப் போட்டாலும் பெயர் பொதுவாக மாறுவதில்லை. பார்வைக்குக் கரடுமுரடாக இருக்கிறதே என்று என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போது நான் இந்த முறையின் பக்கமே நிற்கிறேன்.

ஆனாலும் இரண்டு நுணுக்கங்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. முதலாவது, பிசிஐ பட்டியல் பதினறும (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்களில் வருகிறது, பெயரோ பதின்ம எண்ணில் எழுதப்படுகிறது. பட்டியலில் 00:19.0 என்று காணப்படும் அட்டைதான் இஎன்பி0எஸ்25; இது தெரியாதவர் எஸ்19 என்பதைத் தேடிக்கொண்டே இருப்பார். இரண்டாவது நுணுக்கம் இன்னும் முக்கியமானது. பெயரில் ‘பி’-க்கு அடுத்து வரும் பாட்டை எண் செருகியில் பொறிக்கப்பட்டதன்று. கணினி தொடங்கும்போது எண்ணி இடப்படுவது. வேறொரு செருகியில் புதிதாக ஒரு வட்டையோ வரைகலை அட்டையோ சேர்த்தால், தொடப்படாத பிணைய அட்டையும் இஎன்பி3எஸ்0-விலிருந்து இஎன்பி4எஸ்0 ஆகிவிடக்கூடும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் தலைப்பில் ஒரு வீட்டைக் கூடுதலாகக் கட்டிவிட்டு, அதையடுத்த எல்லா வீடுகளுக்கும் எண்ணை மாற்றி எழுதுவதைப் போன்றது இது.

யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி இயங்குதளக் குடும்பத்தின் வழக்கம் வேறு. அங்கே பெயர் அட்டையை இயக்கும் மென்பொருளான இயக்கியிலிருந்து வருகிறது. ஃபிரீபிஎஸ்டியில் இன்டெல் அட்டை இஎம்0 அல்லது ஐஜிபி0 ஆகவும், ரியல்டெக் அட்டை ஆர்இ0 ஆகவும் தோன்றும். பெயரைப் பார்த்த உடனே எந்தச் சில்லு என்று தெரிந்துவிடுவதும், அதன் கையேட்டுப் பக்கத்தை அதே பெயரில் திறக்க முடிவதும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால், கருகிய இன்டெல் அட்டைக்குப் பதிலாகச் சிற்றூர்க் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ரியல்டெக்தான். அப்போது இஎம்0-க்கு எழுதிய அமைப்பு வரிகள் எதுவும் ஆர்இ0-வைத் தொடுவதில்லை. ஓபன்பிஎஸ்டி இதற்கு அருமையான வழி ஒன்றை வைத்திருக்கிறது: வெளியுலகுக்கான இயல்புநிலைத் தடம் எந்த இடைமுகத்தின் வழியாகச் செல்கிறதோ அது தானாகவே ஈக்ரெஸ் என்ற குழுவில் சேர்ந்துவிடும். தீயரண் விதிகளை அந்தக் குழுவின் பெயரில் எழுதிவிட்டால், அட்டை மாறும்போது அதன் பெயரைத் தாங்கிய அமைப்புக் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். விதிகளில் கைவைக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகு, பெயர் அந்த இணைப்பு செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். இப்போது நான் அமைக்கும் லினக்ஸ் கணினிகளில் சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் (எந்த அட்டைக்கு எந்தப் பெயர் என்று எழுதும் கோப்பு) தராசு, அலுவலகம் என்ற பொருளுள்ள பெயர்களையே இடுகிறேன். பெயர் 15 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பதும், கருநிரலோடு மோதும் ஈத் வரிசைப் பெயர்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும் முக்கியக் கட்டுப்பாடுகள். ஃபிரீபிஎஸ்டியிலும் தொடக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரியால் இதைச் செய்யலாம். லிங்க் கோப்பில் பொருத்துவதற்குப் பாட்டை எண்ணைவிட மேக் முகவரியையே தேர்ந்தெடுக்கிறேன். அட்டை கருகினால் அந்த ஒரு வரி மாறும். ஐபி அமைப்பு, தீயரண் விதி, எடைமேடை மென்பொருள் ஆகியவை அப்படியே இருக்கும். புதிய அட்டையின் முகவரியை எந்தக் கோப்பில், எந்த வரியில் எழுத வேண்டும் என்பதைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு கணினியின் பக்கவாட்டிலும் ஒட்டிவைத்திருக்கிறேன். அந்த ஆலைக் கிராணி இப்போது நான் வரும்வரை காத்திருப்பதில்லை.