நிப்பிசிங் ஏரியில் காற்றடித்த கரை

ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையிலும் பிறகு 11ஆம் நெடுஞ்சாலையிலும் வடக்கே நான்கு மணி நேரம் ஓடி, நிப்பிசிங் ஏரிக்கரையில் இருக்கிற நோர்த் பே நகருக்குள் நுழைந்தபோது இரவு பத்து மணி. ஜூன் மாதக் கடைசி. பெட்ரோல் நிலைய விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மழைபோலக் கொட்டிக்கொண்டிருந்தன. இறங்கி நடந்தால் காலடியில் நொறுங்கும் சத்தம்.

ஷாட்ஃபிளை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நம்மூர் ஈசலைப்போல ஒரே நேரத்தில் கிளம்புகிற பூச்சி. ஏரிச் சேற்றுக்குள் ஓரிரு வருடம் புழுவாகக் கிடந்து, சிறகு முளைத்து மேலே வந்து, ஓரிரு நாளில் செத்துவிடும். சிறகு வந்தபின் அது சாப்பிடுவதே இல்லை.

"பூச்சி இப்பிடி வந்தால் ஏரி சுகமா இருக்கெண்டு அர்த்தம். ஆனா எங்களுக்குக் கஷ்டம் தம்பி. மீனுக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்" என்றார் அண்ணை. இருபது வருடமாக இந்த ஏரிக்கு வருகிறவர். அவருடைய படகில்தான் போனோம்.

தேடி வந்தது வோல்ஐ என்ற மீனை. ஒன்ராறியோவில் பாதிப்பேர் பிக்கரல் என்பார்கள், பிரெஞ்சு பேசுகிறவர்கள் டோரே என்பார்கள். பொன் பூசியது என்று பொருள். பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

முதல் நாள் ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. நல்ல வெயில். அவ்வளவு அழகான தண்ணீரைப் பார்த்ததும் இன்றைக்கு நிச்சயம் என்று நினைத்தேன். தண்ணீருக்கடியில் மீனைக் காட்டும் சோனார் திரையிலும் மீன் இருந்தது. ஆனால் எல்லாம் தரையோடு தரையாக, சேற்றிலிருந்து பிரித்தறிய முடியாத சின்னத் தடிப்புகளாக. அட்டையைக் கோர்த்து மூக்குக்கு முன்னால் இறக்கினோம், மண்புழுவை இறக்கினோம். ஆறு மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சின்ன பேர்ச் மீன்.

மீன் இருக்கிற இடம் வேறு, இரை தேடுகிற மீன் இருக்கிற இடம் வேறு. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை மேற்கிலிருந்து காற்று. வானம் மூடியிருந்தது. நான் மனம் சோர்ந்துபோய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணையோ அவசரமாகச் சாமான்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"காத்து அடிக்கிற கரைக்குப் போவம். இண்டைக்குத்தான் மீன்."

காரணம் மீனின் கண்ணில் இருக்கிறது. வோல்ஐயின் விழித்திரைக்குப் பின்னால், பூனைக்கு இருப்பதுபோல, ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கல் வெளிச்சத்தில் அதற்கு நன்றாகத் தெரியும், அது தின்கிற பேர்ச்சுக்கு அவ்வளவு தெரியாது. அலை எழுந்தால் வெளிச்சம் உடைந்து கலங்குகிறது. காற்று நுண்ணுயிர்களைக் கரைப்பக்கம் தள்ள, அவற்றைத் தின்னச் சின்ன மீன்கள் வர, பின்னாலேயே வோல்ஐ வருகிறது. ஆழத்தில் படுத்திருந்த அதே மீன் மூன்று மீட்டர் தண்ணீருக்கு ஏறிவிடும்.

ஆனால் இந்த ஏரியில் காற்றோடு விளையாட முடியாது. பரப்பு 873 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் வெறும் 4.5 மீட்டர். இவ்வளவு அகலமான தண்ணீர் இவ்வளவு ஆழமில்லாமல் இருந்தால் அலை செங்குத்தாக, நெருக்கமாக எழும்பும். 1615இல் ஷாம்ப்ளேன் இந்த வழியாகத்தான் ஃபிரெஞ்ச் ஆற்றில் இறங்கி ஹியூரன் ஏரிக்குப் போனார். இந்தத் தண்ணீரில் மரப்பட்டைத் தோணியை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. நுரை வெள்ளையாக எழும்பினால் திரும்பிவிடுவது என்று பேசிக்கொண்டு, உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

ஒரு சிறு தீவின் மேற்குப் பக்கம். பாறைத் திட்டு ஒன்று தண்ணீருக்குள் நீண்டு, மூன்று மீட்டரிலிருந்து ஆறு மீட்டருக்குச் சரிகிறது. மின்மோட்டாரால் படகை அலைக்கு எதிரே நிறுத்தினார் அண்ணை. திரையைப் பார்த்ததும் புரிந்தது. நேற்றைய தடிப்புகள் இல்லை. தரையிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் மேலே, தெளிவான வளைகோடுகள். ஒவ்வொன்றும் ஒரு மீன்.

7 கிராம் ஈயத்தலைத் தூண்டிலில் மண்புழு. தரையைத் தொடவிட்டு, ஒரு சாண் தூக்கி, மெல்ல இறக்க வேண்டும். மூன்றாவது இறக்கத்தில் தங்கூசி நூலில் 'டொக்' என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். யாரோ விரலால் சுண்டியதுபோல. நான் வெடுக்கென்று இழுத்தேன், ஒன்றுமில்லை.

"பொறு தம்பி. தட்டினவுடனை தடி நுனியைக் கொஞ்சம் இறக்கிக் குடு. பாரம் தெரிஞ்சாப் பிறகு தூக்கு."

அடுத்த தட்டுக்கு அப்படியே செய்தேன். பாரம் தெரிந்தது. பாய்ந்து துள்ளுகிற மீனில்லை இது. தலையை ஆட்டி ஆட்டிக் கீழேயே இழுக்கிறது. வலைக்குள் வந்தபோது பொன்னும் ஒலிவ் பச்சையும் கலந்த உடம்பு, வால் நுனியில் வெள்ளைப் பொட்டு, பால்போல் மங்கிய பெரிய கண். முதுகு முள்ளும் பல்லும் கூர்மை, கவனமாகப் பிடிக்க வேண்டும்.

அளந்தோம். 44 சென்டிமீட்டர். விட்டுவிட்டேன். நிப்பிசிங்கில் 46க்கு மேல் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம், முழு மீன்பிடி உரிமம் இருப்பவருக்கு இரண்டு, என்னைப்போல் குறைவாகப் பிடிப்பதற்கான மீன்வளப் பாதுகாப்பு உரிமம் எடுத்தவருக்கு ஒன்று. இங்கே வோல்ஐ மிகவும் குறைந்துபோன காலத்தில், 2014இல், இந்த அளவைக் கொண்டுவந்தார்கள். ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகு பிடிபடட்டும் என்பதுதான் கணக்கு. இதில் ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு மணி நேரத்தில் ஒன்பது மீன். 49 சென்டிமீட்டர் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். அண்ணைக்கு 60ஐத் தாண்டிய ஒன்று வந்தது. "பெட்டையாத்தான் இருக்கும், போகட்டும்" என்று தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருந்தார். அது வாலை அடித்துத் தானாகவே இறங்கியது. பிறகு காற்றுத் தணிந்தது, வெயில் வந்தது, தட்டு நின்றது. திரையிலும் வளைகோடுகளைக் காணோம்.

இரவு மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசிப் பொரித்தோம். வெள்ளைச் சதை, முள் குறைவு, சேற்று வாடை துளியும் இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தபோது அண்ணை கைவிளக்கைத் தண்ணீருக்குள் அடித்துக் காட்டினார். முழங்கால் ஆழம்கூட இருக்காது. அங்கே இரண்டு இரண்டாக, தணல்போல மின்னிக்கொண்டு, கண்கள் நகர்ந்தன.