ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால்

வீடியோ கேம் போட்டிகளில் நடுவராக வேலை பார்க்கிறேன். வேலையைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: உட்கார்ந்துகொண்டு ஆடுவதெல்லாம் விளையாட்டா?

ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆட்டத்துக்கு முன் மவுஸ், கீபோர்டு, அவற்றின் மென்பொருள் எல்லாவற்றையும் சோதிப்போம். பெரிய அரங்கம் என்றால் காதுக்குள் இயர்போன், அதன் மேல் இரைச்சல் ஓடும் ஹெட்செட்டும் உண்டு. ரசிகர்களின் கூச்சல் எதிரி பதுங்கியிருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. சுற்றுகளுக்கு நடுவே மணிக்கட்டை நீவிக்கொண்டே இருப்பார்கள், எல்லாம் இளம் வயதுக்காரர்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கேமில் பெரிய பெயர் எடுத்த சீன வீரர் உஸி, 2020இல் 23 வயதிலேயே ஓய்வு அறிவித்தார். கை வலி, நீரிழிவு நோய். (பிறகு திரும்பி வந்து ஆடினார்.) உட்கார்ந்து ஆடுவதுதான் குறை என்றால், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பை ஒலிம்பிக் கமிட்டி 1999இலேயே அங்கீகரித்துவிட்டதே!

என் கவலை வேறு. கால்பந்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஃபிஃபா நாளைக்கே கலைந்துபோனாலும் பந்தை உதைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நான் நடுவராக நிற்கும் ஆட்டம் ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் சொத்து. ஒரு அப்டேட் வந்தால் போதும், மாதக்கணக்கில் பழகிய உத்தி செல்லாமல் போய்விடும். போட்டி எந்தப் பதிப்பில் நடக்கிறது என்று சரிபார்ப்பதும் எங்கள் வேலைதான். ஆனால் அந்தப் பதிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் வாயே கிடையாது.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கேம்களுக்கு முதல்முறையாக அதிகாரபூர்வப் பதக்கம் கிடைத்தது, சீனாவின் ஹாங்சோவில் 2023இல் நடந்த போட்டியில்தான். தங்கம் வென்ற தென் கொரிய வீரர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்தே விலக்கு. அவ்வளவு மதிப்பு! அந்தப் போட்டிக்கான கேம் பட்டியலில் முதலில் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்டக் கேமும் இருந்தது. அதன் சொந்தக்காரரான அமெரிக்க நிறுவனம் பிளிஸார்டுக்கும் சீனப் பங்காளி நெட்ஈஸுக்கும் ஒப்பந்தம் முறிந்து, 2023 ஜனவரியில் சீனாவில் சர்வர்கள் மூடப்பட்டன. அப்புறம் அந்தக் கேம் பட்டியலிலிருந்தே போய்விட்டது. அதற்காகத் தயாராகிக்கொண்டிருந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இது விளையாட்டுதான், எனக்கு அதில் இரண்டாம் எண்ணமே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: ஒரு கேமைப் பதக்கப் பட்டியலில் சேர்க்கும் முன், போட்டி முடியும்வரை சர்வரும் உரிமமும் இருக்கும் என்று அந்த நிறுவனத்திடம் எழுதி வாங்க வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தையில் ஆட்டக்காரர்கள் தரப்பில் ஒருவராவது உட்கார வேண்டும்.