மேல்பட்டைக்கு ஒரே ஒரு கோப்பு

இன்று தளத்தின் மேல்பட்டை முழுக்க மாறியது. புதிதாக வைத்தது ஒரே ஒரு கோப்பு.

யீ 2 என்ற பிஹெச்பி ஃபிரேம்வொர்க்கில் தீமுக்கு (தளத்தின் தோற்றத்தை மாற்றும் கோப்புகளுக்கு) வேண்டியது கான்ஃபிக்கில் 'பாத்மேப்' என்ற சின்ன அமைப்புதான். 'இந்த ஃபோல்டரில் தேடும் வியூவை (பக்கத்தின் தோற்றத்தைத் தரும் கோப்பை) முதலில் தீம் ஃபோல்டரில் போய்ப் பார்' என்று சொல்லிவிடுகிறோம்.

தீம் ஃபோல்டருக்குள் லேஅவுட்ஸ், அதற்குள் மேல்பட்டை இருக்கும் மெயின் கோப்பு. அது இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டது. லாகின் பக்கத்துக்கு அங்கே எதுவும் இல்லை, பழைய வியூவே வந்து நின்றது.

பக்கத்தின் வேலையை நடத்தும் கன்ட்ரோலரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை!

பிறர் எழுதிய பேக்கேஜ்கள் இருக்கும் வென்டார் ஃபோல்டரில் நேரடியாகக் கை வைப்பவர்களைப் பார்த்தால்தான் மனசு பதறுகிறது. பேக்கேஜ்களை நிறுவும் கம்போசர் அந்தப் பேக்கேஜை அப்டேட் செய்ததும் அத்தனை உழைப்பும் போய்விடும். (இன்னொரு ஃபிரேம்வொர்க்கான லாராவெல் என்றால், பேக்கேஜின் வியூக்களை வென்டார் பப்ளிஷ் கட்டளையால் நம் ரிசோர்சஸ் ஃபோல்டருக்குக் கொண்டுவந்து மாற்றலாம்.)

இந்த ஃபிரேம்வொர்க்குகளை எழுதியவர்கள், தங்கள் வேலையை யாரோ மாற்றுவார்கள் என்று முன்பே நினைத்து வழிவிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதனால்தான் நானும் மெனு, அடிப்பட்டை எல்லாவற்றையும் தனித்தனி வியூவாகப் பிரித்தே வைக்கிறேன். அடுத்து வருபவர் வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.