கேமராவுக்குள் புகுந்த அலங்காநல்லூர்ப் புழுதி

2025ஆம் ஆண்டுப் பொங்கல் எனக்கு வாகாக அமைந்தது. தை மூன்றாம் நாளான ஜனவரி 16 அன்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. 18ஆம் தேதி, கர்நாடக இசை மேதை தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி என்பதால் திருவையாற்றில் அவருக்கு இசையால் அஞ்சலி செலுத்தும் தியாகராஜ ஆராதனை. பஞ்சமி திதி ஆண்டுதோறும் நகரும். முந்தைய ஆண்டில் அது ஜனவரி 30இல்தான் வந்தது. எனவே இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கும் வாய்ப்பை விட மனமில்லை. எழுதுவதும் படம் எடுப்பதும் நானே என்பதால் உடன் வருவோர் யாருமில்லை. ஒரு பை, ஒரு கேமரா, இரண்டு லென்ஸ்கள், ஒரு நோட்டு.

அலங்காநல்லூரில் விடிவதற்கு முன்பே தடுப்புக்கு வெளியே இடம் பிடித்துவிட்டேன். முதலில் கோயில் காளைகளை அவிழ்த்துவிடுவார்கள். அவற்றை யாரும் பிடிப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களில் வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதன் பிறகு யோசிக்க நேரமிருக்காது. வாடிவாசலின் இருட்டிலிருந்து வெளியே பாயும் காளை, தேங்காய் நார் பரப்பிய களத்தைக் கடக்கச் சில நொடிகளே ஆகும். வீரர் திமிலை மட்டுமே பிடிக்கலாம். கொம்பையோ வாலையோ தொடக்கூடாது. எல்லைக்கோடு வரையிலோ மூன்று துள்ளல் வரையிலோ தாக்குப்பிடித்தால்தான் அது பிடிமாடு. ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறையாமல் வைத்துக்கொண்டு, திமிலின் மேல் கவனத்தை நிறுத்தினால் கையும் முகமும் தாமாகப் படத்துக்குள் வந்துவிடுகின்றன.

எழுத்தாளனுக்குத்தான் சிக்கல். எந்த ஊர்க் காளை, யாருடைய காளை, என்ன பரிசு என்பதையெல்லாம் காளை வெளியே வருவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறார்கள்; என் கண்ணோ அப்போது கேமராவில் இருக்கிறது. ஆகவே சட்டைப் பையில் கைபேசியை ஒலிப்பதிவில் போட்டுவிட்டு, படத்தில் பதிவாகும் நேரத்தை அதனோடு பொருத்திப் பிறகு எழுதிக்கொள்வதே என் வழக்கம். கேமராவின் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தி ஓடியதை அன்று பிற்பகலில்தான் கண்டேன். அதுவரை குறித்து வைத்திருந்த பெயர்களெல்லாம் ஒன்றுக்கொன்று மாறிக் கிடந்தன.

நண்பகல் வாக்கில் ஒரு கறுப்புக் காளை வெளியே வந்து, ஓடாமல் வாடிவாசல் முன்பே நின்றுவிட்டது. நின்று விளையாடும் மாடு என்று இதைத்தான் சொல்கிறார்கள். முன்னங்காலால் நாரைக் கிளறி, தலையைத் தாழ்த்தி, இடமும் வலமுமாகத் திரும்பி, அத்தனை வீரர்களையும் தடுப்பின் மேல் ஏற்றிவிட்டது. நீள லென்ஸுக்கு இது மிக அருகில் என்பதால் அங்கேயே, அந்தப் புழுதிக்குள்ளேயே, லென்ஸை மாற்றினேன். செய்யக்கூடாத காரியம். படம் நன்றாக வந்தது.

17ஆம் தேதி மதுரையிலிருந்து தஞ்சாவூர். மறுநாள் அதிகாலை அங்கிருந்து திருவையாறு. காவிரிக் கரையில் தியாகராஜரின் சமாதி. அவர் மறைந்தது 1847இல். இன்று நாம் காணும் சன்னிதியைத் தம் சொந்தப் பணத்தில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாட அனுமதியில்லாத காலத்தில் அதற்காகப் போராடியவரும் அவரே. பாடகிகள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்ததைப் பார்த்தபோது, என் கட்டுரை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கே வேகம் தேவையில்லை, தேவைப்படுவது அடக்கம். புல்லாங்குழலில் பைரவி ராகம் எழும்போது ஒரு ஷட்டர் சத்தம்கூடப் பந்தல் முழுதும் கேட்கும். சத்தமில்லாத முறைக்கு மாற்றினால், சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. மாலைக் கச்சேரிகளில் இது பெரும் தொல்லை. ஐந்து ராகங்களில் தியாகராஜர் இயற்றிய ஐந்து கிருதிகளான பஞ்சரத்னம் தொடங்கி, முதல் ராகமான நாட்டையில் அத்தனை குரல்களும் சேர்ந்துவிட்டால் கவலையில்லை, எந்தச் சத்தமும் அதில் கரைந்துவிடும். கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் முடியும்வரை நேரமும் தாராளம். ஆனால் அலங்காநல்லூரைப் போல ‘இதோ நடந்தது’ என்று சுட்ட ஒரு நிகழ்ச்சி இங்கே கிடையாது. எதிரெதிராக அமர்ந்திருப்பவர்களில் ஒரு முதியவர் புத்தகத்தைத் திறக்காமலே பாடிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த சிறுமி அவருடைய தாளம் போடும் கையைப் பார்த்துத் தன் கையைத் திருத்திக்கொண்டாள். வராளி முழுவதும் நான் அந்த இரு கைகளையே எடுத்தேன்.

பின்வரிசை வரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எஃப் 11 அளவுக்கு லென்ஸின் துளையைச் சுருக்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அலங்காநல்லூரில் துளை அகலத் திறந்திருந்ததால் தெரியாத தூசி, இப்போது வெள்ளை வேட்டிகளின் மேலும் காவிரி வானத்தின் மேலும் கறுப்புப் புள்ளியாக ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஊர் திரும்பி, நாற்பத்தொரு படங்களில் அதை ஒவ்வொன்றாக அழிக்க ஓர் இரவு முழுதும் ஆயிற்று. கடைசியில் பார்த்தால், வயலின் வாசித்த அம்மையாரின் நெற்றிப் பொட்டையும் சேர்த்து அழித்திருந்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திரும்ப வைத்தேன்.