மணலுக்கடியில் ஒரு சிங்கப்பூர்

சிங்கப்பூர் போயிருக்கிறாயா என்று இனி யாராவது கேட்டால், எந்தச் சிங்கப்பூர் என்று திருப்பிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். போன மாதம் நான் நின்றது அமெரிக்காவில், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில், கலமசூ ஆறு ஏரியில் விழும் இடத்துக்குப் பக்கத்தில். பார்க்க ஒன்றும் இல்லை. மணல்மேடு, முழங்கால் உயரப் புல், காதை அடைக்கும் காற்று. கீழே சிங்கப்பூர் என்று ஓர் ஊர் புதைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

1836இல் ஓஷியா வைல்டர் என்ற நியூயார்க் ஆள் மனை பிரித்துப் போட்ட ஊர். சிகாகோவையும் மில்வாக்கியையும் தூக்கிச் சாப்பிடும் துறைமுகமாக வரும் என்று கணக்கு (நான்குவழிச்சாலை ஓரத்து பிளாட் விளம்பரம் உங்களுக்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல). ஊருக்கென்று பேங்க், அது அச்சடித்த சொந்த நோட்டு எல்லாம் உண்டு. அந்தச் சமயத்தில் மிச்சிகன் மாநிலம் முழுக்க இப்படித் திடீர் பேங்குகள் முளைத்திருந்தன. நோட்டுக்கு ஈடாகக் காசு இருக்கிறதா என்று சோதிக்க அதிகாரி வருகிறார் என்றால் ஒரே வெள்ளிக்காசுப் பெட்டி அவருக்கு முன்னால் பேங்க் பேங்காக ஓடுமாம், சில இடங்களில் பெட்டி நிறைய ஆணி, மேலே மட்டும் ஒரு வரிசை காசு. சிங்கப்பூர் பேங்கும் சீக்கிரமே படுத்துவிட்டது.

அப்புறம் ஊருக்குச் சோறு போட்டது மரம்தான். அப்போது மிச்சிகனில் வெள்ளைப் பைன் மரத்தைப் பனிக்காலத்தில் வெட்டுவார்கள். தடத்தில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டு, சறுக்குவண்டியில் ஆற்றங்கரைக்கு இழுத்து வந்து அடுக்கி, பனி உருகி ஆறு பெருகும்போது உருட்டிவிட்டால் கட்டை தானே மிதந்து மில் வாசலுக்கு வந்துவிடும். பச்சைத் தேக்கு மாதிரி முங்காது, பைன் மிதக்கும். யார் கட்டை என்ற சண்டை வராமலிருக்க வெட்டுமுகத்தில் சுத்தியலால் முத்திரை அடித்திருப்பார்கள். என் மாமா மரவாடி வைத்திருந்தார், அங்கேயும் கட்டையின் முகத்தில் நம்பர் இருக்கும். அதனாலேயே இந்த விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது.

நன்றாக ஓடிய காலத்தில் மூன்று அறுவை மில், இரண்டு ஹோட்டல், பல கடைகள். பக்கத்து ஊர் சாகடக்கை அப்போது பிளாட்ஸ் என்பார்கள், சிங்கப்பூரோடு பார்த்தால் அது சின்ன ஊர். 1842இல் நாற்பது நாள் விடாமல் பனிப்புயல் அடித்தபோது, கரையில் உடைந்த ஒரு கப்பலிலிருந்த உணவுதான் ஊரைக் காப்பாற்றியதாம்.

1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தது. அதே நாட்களில் விஸ்கான்சினில் பெஷ்டிகோ, மிச்சிகனிலேயே ஹாலண்ட், மனிஸ்டீ என்று ஏரியைச் சுற்றி ஊர் ஊராக எரிந்தது. திரும்பக் கட்டப் பலகை வேண்டாமா? சிங்கப்பூர் மில்கள் அறுத்துத் தள்ளின. நல்ல வியாபாரம்தான், ஆனால் சுற்றுவட்டாரத்தில் மரமே மிஞ்சவில்லை, மணலையும் காற்றையும் மறித்து நின்றதும் அந்த மரங்கள்தான்.

நான் தேரிக்காட்டுப் பக்கத்து ஆள். ஆடிக்காற்றில் நேற்று இருந்த மேடு இன்று நாலடி தள்ளி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன். மணல் நடக்கும் என்பாள் ஆச்சி. அங்கே பனையும் முந்திரியும் உடைமரமும் நிற்பதால் ஏதோ அடங்கிக் கிடக்கிறது. சிங்கப்பூரில் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. அதனால் கதையின் இந்தக் கட்டம் எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது: முதலில் வாசற்படி, பிறகு ஜன்னல், பிறகு கூரை.

1875வாக்கில் ஊர் காலி. மில் இயந்திரங்கள் வடக்கே செயின்ட் இக்னேஸுக்குப் போய்விட்டன. மரவீடுகள்தானே, சிலதை அப்படியே பெயர்த்து சாகடக்குக்குக் கொண்டுபோனார்கள். பேங்க் கட்டடமும் அப்படிப் போனதுதான், பின்னாளில் அதில் புத்தகக் கடை நடந்தது.

ஒரே ஒருவர் மட்டும் கிளம்பமாட்டேன் என்று இருந்தாராம். கீழ்த்தளம் புதைந்ததும் மேலே குடியேறி, அதுவும் நிறைய ஆரம்பித்ததும் இன்னும் மேலே ஏறி, கடைசியில் மாடி ஜன்னல் வழியாக மணலில் கால் வைத்து நடந்து போனார் என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் ஜோடித்திருப்பார்கள். எங்கள் ஆச்சியிடம் சொல்லியிருந்தால் அப்படியே நம்பி, சாமான்களை எப்படி இறக்கினான் என்று மட்டும் கேட்டிருப்பாள்.